டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டு

ஊசியில் நூல் நுழையவில்லை. கண் தெரியாததால் அல்ல. தேவைக்கு மேல் தெரிந்ததால். தையல்காரர் விரல்களுக்கு நடுவே பிடித்திருந்தது ஒரே ஓர் ஊசி. கண்ணில் தெரிந்ததோ இரண்டு. ஒன்று பளிச்சென்று நின்றது. இன்னொன்று அதன் தோளில் சாய்ந்துகொண்டு மங்கலாக நின்றது. பளிச்சென்று நின்றதைக் குறிவைத்து நூலை நீட்டினார். நூல் காற்றில் போயிற்று. சரி, மங்கல்தான் அசல் போலிருக்கிறது என்று அதைக் குறிவைத்தார். அசல் ஊசி எது என்பதை அவருடைய கட்டைவிரல் கண்டுபிடித்துச் சொன்னது.

"ஸ்..." என்று விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

பக்கத்து நாற்காலியில் ஒரு சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன, மறுபடியுமா?"

"ஒண்ணுமில்ல. ஊசி புதுசு, அதான்."

"ஊசி புதுசா, கண்ணு புதுசா?"

கண் புதுசுதான். இரண்டு வருடமாகப் புரை மூடிக் கிடந்த வலது கண்ணுக்கு இப்போதுதான் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. அந்த இரண்டு வருடமும் அவர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கச் சொன்ன காரணங்களைத் தொகுத்தால் ஒரு புத்தகம் போடலாம். மழை என்றார், வெயில் என்றார், தைக்கக் கொடுத்த துணி நிறைய கிடக்கிறது என்றார். கடைசியில் துணி கொடுக்கவே ஆள் இல்லாமல் போயிற்று. கடையின் ஷட்டர் இறங்கியது. அதற்குப் பிறகு சொல்லக் காரணம் இல்லாததால், மனைவி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா அவர் கண்ணில் வெளிச்சத்தை விட்டுப் பார்த்துவிட்டு, "இவ்வளவு முத்த விட்டுட்டீங்களே. முன்னாடியே வந்திருந்தா சின்னத் துளையோட போயிருக்கும். இப்போ பெரிசா திறந்துதான் எடுக்கணும். தையல் போடணும்" என்றார்.

அதுவரை நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருந்தவர், தையல் என்றதும் பிடியைத் தளர்த்தினார்.

"என்ன நூல் டாக்டர்?"

"நைலான். தலைமுடியைவிட மெல்லிசு."

"ஓட்டுத் தையலா, தனித்தனி முடிச்சா?"

"தனித்தனி முடிச்சு."

"அதான் நல்லது. ஒண்ணு விட்டாலும் மத்தது பிடிச்சுக்கும்" என்று சொல்லிவிட்டு, ஏதோ பக்கத்துக் கடைக்காரரிடம் வேலையை ஒப்படைப்பது போலக் கண்ணை ஒப்படைத்துவிட்டார்.

மேஜையில் படுத்ததும் அதன் விளிம்பை மறுபடி இறுகப் பிடித்துக்கொண்டார். டாக்டரம்மா அவரிடம் பேசிக்கொண்டே இருந்தார். தன் வெள்ளைக் கோட்டின் பை ஏன் எப்போதும் ஒரே மூலையில் கிழிகிறது என்று கேட்டார். பையின் மூலையில் முன்னும் பின்னும் ஓட்டி எதிர்த்தையல் போட வேண்டும், அதை யாரும் இப்போது போடுவதில்லை என்று அவர் விளக்கி முடிப்பதற்குள் அறுவையே முடிந்துவிட்டது.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். எதிரே மனைவியின் முகம் இருந்தது.

"நீ எப்போ இவ்வளவு நரைச்சே?"

"நீங்க ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன்னு அடம்பிடிச்சிட்டிருந்த ரெண்டு வருஷத்துல."

அவர் அழுதுவிட்டார். அழக்கூடாது என்று டாக்டரம்மா அதட்டினார். அதட்டிவிட்டு, "என் கைக்கே ரொம்பத் திருப்தியா இருந்த ஆபரேஷன் இது" என்றும் சொன்னார். அந்த ஒரு வாக்கியம்தான் பின்னால் வந்த எல்லாத் தொல்லைக்கும் காரணம்.

கடையை மறுபடி திறந்தார். தூசி தட்டி, மெஷினுக்கு எண்ணெய் போட்டு, கத்தரிக்கோலைச் சாணை பிடித்துக்கொண்டு வந்தார். மஞ்சள் என்று இத்தனை நாளும் நினைத்திருந்த கடைச் சுவர் உண்மையில் வெள்ளை என்று தெரிந்து அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவு சந்தோஷம். ஆனால் எது எதிரே வந்தாலும் அதற்கு ஒரு நிழலும் சாய்வாகக் கூடவே வந்தது. தெருவிளக்கு ஒரு பக்கமாக வால் விட்டது. சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டால் இரண்டு தெரிந்தன. இடது கண்ணை நம்பலாம் என்றால், அதில் இன்னும் பழைய புரை பால் மாதிரி நின்றது.

அவருக்கு விஷயம் புரியாமல் இல்லை. துணியில் ஒரு தையல் இறுகிவிட்டால் சுற்றியிருக்கும் கட்டம் எல்லாம் ஒரு பக்கமாகச் சாயும். கண்ணிலும் அதேதான். எங்கேயோ ஒரு முடிச்சு இழுத்துப் பிடிக்கிறது.

"அப்போ டாக்டர்கிட்ட போய்ச் சொல்ல வேண்டியதுதானே" என்றாள் மனைவி.

"என்னன்னு சொல்றது?"

"தையல் இழுக்குதுன்னு."

தையல்காரர் பதறிவிட்டார். இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவர் காதில் கேட்கவே கூடாது என்று நினைக்கும் ஒரு பேச்சு உண்டென்றால், அது 'தோள் இழுக்குதுங்க' என்பதுதான். ஆசை ஆசையாகத் தைத்துக் கொடுத்த சட்டையை ஒருவர் திருப்பிக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டு அதைச் சொல்லிவிட்டால், அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"தையல் போட்ட கைக்காரங்ககிட்ட போய், உங்க தையல் சரியில்லன்னு சொல்லச் சொல்றியா? அதுவும் எனக்கு வெளிச்சத்தையே திருப்பிக் குடுத்த மகராசிகிட்ட? என் வாய் வராது."

"உங்க வாய் வராட்டி கடைக்கு யாரும் வரமாட்டாங்க. அதையும் யோசிச்சுக்குங்க."

அவள் சொன்னதில் தப்பில்லை. கடை திறந்ததும் முதல் ஆளாகக் கால்சட்டை தைக்கக் கொடுத்தவர் கணக்கு வாத்தியார். பழைய வாடிக்கைக்காரர். தைத்ததை வாங்கிக்கொண்டு போனவர் மறுநாளே அதைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

"இடது கால் ஒரு விரக்கடை நீளமா இருக்கே" என்றார், தரையை இடித்த துணியைக் காட்டி.

தையல்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கண் சரியில்லை என்று ஒப்புக்கொண்டால் பேச்சு தெருவெல்லாம் பரவும். நேரே டாக்டரம்மாவின் காதுக்குப் போகும். குனிந்து பார்ப்பது போலப் பாவனை செய்தார். வாய் தன்பாட்டில் பேசியது.

"கால்சட்டை சரியாத்தான் இருக்கு சார்."

"பின்னே?"

"கால்தான். இடது கால் கொஞ்சம் கட்டையோ என்னமோ."

சொன்ன மறுநொடியே நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் வாத்தியார் கோபப்படவில்லை. யோசனையாகத் தன் கால்களைப் பார்த்தபடியே வெளியே போனார். சில நாள் கழித்து வந்தபோது, இடது செருப்பின் அடியில் தடிமனாக ஒரு தோல் ஒட்டியிருந்தது.

"எலும்பு டாக்டர்கிட்ட காட்டினேன். ரெண்டு காலும் சமம்னு சாதிக்கிறாரு. ஆனா கால்சட்டை பொய் சொல்லுமா? நேரா செருப்புக் கடைக்குப் போயிட்டேன். இத்தனை வருஷம் யாருமே கண்டுபிடிக்கல, நீங்க ஒரே பார்வையில கண்டுபிடிச்சீங்க. உங்களுக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கேன்."

இன்னும் இரண்டு கால்சட்டைக்குத் துணி கொடுத்துவிட்டு, ஒரு பக்கமாக எழும்பி எழும்பி நடந்து போனார். தையல்காரர் வெகுநேரம் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

இதற்கிடையில் ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு வரச்சொன்ன நாள் நெருங்கியது. அங்கே சுவரில் ஒரு போர்டு உண்டு. மேலே பெரிதாக ஓர் எண், கீழே போகப் போகச் சின்னச் சின்ன எண்கள். அதைப் படிக்கச் சொல்லிவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். இவர் தடுமாறுவதைப் பார்த்து அந்த அம்மாவின் முகம் வாடுவதை நினைக்கவே இவருக்குத் தாங்கவில்லை.

"அன்னிக்குக் கட்டுப் பிரிச்சப்போ நீ அந்தப் போர்டுக்கு எதிர்லதானே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தே?" என்று மெதுவாக ஆரம்பித்தார்.

மனைவி இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தாள். வாடிக்கைக்காரர் எல்லாருடைய போன் நம்பரையும் மனதிலேயே வைத்திருக்கிறவள் அவள். ஒருமுறை பார்த்த எண் அவளிடமிருந்து தப்பாது.

"வேண்டாம். இது நல்லதுக்கில்ல."

"ஒரே ஒரு தடவை. அந்த அம்மா மனசு நோகக்கூடாது, அவ்வளவுதான்."

"உங்க கண்ணு நோகலாம், அவங்க மனசு நோகக்கூடாது. நல்லா இருக்கு நியாயம்" என்றாளே தவிர, சமைக்கும்போது வாய் அவளை அறியாமல் ஒப்பித்தது. "மேல பெரிசா ஒரு ஆறு. அடுத்த வரியில மூணு, எட்டு. அதுக்குக் கீழே நாலு, ரெண்டு, ஏழு."

தையல்காரர் தன் வழியில் மனப்பாடம் செய்தார். முப்பத்தெட்டு, தபால்காரர் நெஞ்சளவு. நாற்பத்திரண்டு, பேக்கரிக்காரர் இடுப்பு. பக்கத்தில் ஓர் ஏழு நிற்கிறது, அதை அவருடைய பெல்ட்டின் துளை என்று வைத்துக்கொண்டார். இப்படிக் கடைசி வரிக்குள் ஊரில் பாதிப் பேரை நிறுத்திவிட்டார்.

பரிசோதனை நாளன்று ஆஸ்பத்திரி நடையில் பெயிண்ட் வாசனை அடித்தது. ஏணி ஒன்று சாய்த்து வைத்திருந்தது. நர்ஸ் மனைவியை வாசலிலேயே நிறுத்தினாள்.

"அம்மா, நீங்க இங்கேயே இருங்க. உள்ளே ஒரே சாமானா கிடக்கு."

தையல்காரர் மட்டும் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். டாக்டரம்மா அவருடைய இடது கண்ணை ஒரு மறைப்பால் மூடினார். எதிர்ச் சுவரில் வெள்ளையாகச் சதுரமாக ஒன்று தெரிந்தது. மேலே கறுப்பாகப் பெரிதாக ஏதோ ஒன்று, அதன் நிழலோடு. கீழே பொடிப்பொடியாக. வேறென்ன வேண்டும்? யாரும் கேட்பதற்கு முன்னாலேயே அவர் ஆரம்பித்துவிட்டார்.

"ஆறு. மூணு, எட்டு. நாலு, ரெண்டு, ஏழு..."

"ஐயா, அது..." என்று நர்ஸ் ஏதோ சொல்ல வந்தாள். டாக்டரம்மா கையை உயர்த்தி அவளை நிறுத்தினார்.

தையல்காரர் நிற்கவில்லை. தபால்காரரில் தொடங்கிப் பேக்கரிக்காரர் வழியாகக் கடைசி வரியின் கடைசி எண் வரை கடகடவென்று ஒப்பித்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

டாக்டரம்மா நர்ஸைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

"கடைசி வரி வரைக்கும் சொல்லிட்டீங்க" என்றார் டாக்டரம்மா.

"எல்லாம் உங்க கைராசி."

"எதுவும் ரெட்டையா தெரியுதா? நிழல் தட்டுற மாதிரி, சாய்ஞ்ச மாதிரி?"

"சேச்சே. அதெல்லாம் ஒண்ணுமே இல்லை."

"நிச்சயமா?"

"தண்ணி மாதிரி தெளிவா இருக்கு டாக்டர்."

டாக்டரம்மா அவருடைய தாடையை ஒரு கருவியில் பொருத்தி, வெளிச்சம் விட்டு, நெடுநேரம் கண்ணைப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"ஒரு தையலைப் பிரிக்கணும். இப்போ இல்ல, காயம் நல்லா ஆறட்டும், அப்புறம்."

"ஏன் டாக்டர்? தையல் ரொம்ப நேர்த்தியாத்தானே இருக்கு."

"எல்லாருக்கும் பண்றதுதான். பயப்படாதீங்க. அதுவரைக்கும் கண்ணுக்குக் கஷ்டம் குடுக்கிற வேலை வேண்டாம்."

இங்கே வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்திருந்தால் கதை வேறு. ஆனால் நன்றியுள்ள மனிதருக்கு வாயை மூடத் தெரியாது. டாக்டரம்மாவின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது போல அவருக்குப் பட்டது. தன் வேலையில் சந்தேகம் வந்துவிட்டதோ என்று மனம் அடித்துக்கொண்டது. அந்தச் சந்தேகத்தைத் துடைத்துவிட வேண்டும் என்று, யோசிக்காமல் ஒரு வாக்குக் கொடுத்தார்.

"உங்களுக்கு நான் ஒரு வெள்ளைக் கோட்டு தைச்சுத் தரப்போறேன் டாக்டர். இந்தக் கண்ணால. பை மூலையில எதிர்த்தையலோட."

நர்ஸுக்குத் திடீரென்று இருமல் வந்தது. டாக்டரம்மா தன் கோட்டின் கிழிந்த பையைப் பார்த்தார். தையல்காரரின் முகத்தையும் பார்த்தார். அந்த முகம் அப்படியொரு மலர்ச்சியில் இருந்தது.

"சரி. வெளியே வாங்க, நடையில நின்னு அளவு எடுத்துக்குங்க" என்றார்.

தையல்காரர் டேப்பைப் பிடிக்க, எண்ணை மனைவி படித்தாள். எண்களைவிட அவள் கணவனை முறைத்தது அதிகம்.

அருமையான துணியாகப் பார்த்து வாங்கினார். பனி மாதிரி வெள்ளை. வெட்டு மேஜையில் விரித்து, நீலச் சாக்குக்கட்டியால் முதல் கோடு போட்டார். இரண்டாக ஓடியது. இரண்டாவது கோடு போட்டார். நான்காயிற்று. கொஞ்ச நேரத்தில் மேஜைமேல் ரயில் நிலையத்துத் தண்டவாளம் மாதிரி ஆகிவிட்டது.

"குடுங்க, நான் வெட்டித் தரேன்" என்றாள் மனைவி.

"கத்தரிக்கோலை மட்டும் கேட்காதே. நன்றிக்குத் தைக்கிற துணி இது. நான்தான் வெட்டணும்."

தலையைச் சாய்த்துப் பார்த்தார். கண்ணை இடுக்கிப் பார்த்தார். மேஜையைச் சுற்றி வந்து எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தார். வியர்த்துக் கொட்டியது. பக்கத்தில் கிடந்த ஒரு துண்டுத் துணியை எடுத்து முகத்தைத் துடைத்தார். அந்தத் துணியில் பழக்கத்துக்காக எப்போதோ போட்டுப் பார்த்த காஜா ஒன்று இருந்தது; பட்டன் நுழையும் அந்தச் சின்ன நீளத் துளை தற்செயலாக அவர் கண்ணுக்கு நேரே வந்து நின்றது. அதன் வழியாக மேஜையைப் பார்த்தவர் அப்படியே உறைந்தார்.

கோடு ஒன்றாக இருந்தது.

துணியை விலக்கினார், இரண்டு. துணியை வைத்தார், ஒன்று. காஜாவைக் கொஞ்சம் திருப்பினால் மறுபடி இரண்டு. அதற்கென்று ஒரு கோணம் இருந்தது. அந்தக் கோணத்தில் பிடித்தால் உலகம் கத்தி மாதிரி கூர்மையாயிற்று.

"கடவுள் இருக்கார்" என்றார் தையல்காரர்.

அன்றிலிருந்து கடைக்கு வந்தவர்கள், முகத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு அதன் நடுவில் ஒரு துளை வழியாகப் பார்த்து வேலை செய்யும் ஒருவரைக் கண்டார்கள். தபால்காரர் உள்ளே வராமல் கடிதத்தை வாசலிலேயே போட்டுவிட்டுப் போனார். பேக்கரிக்காரர் தையல்காரரின் மனைவியிடம் போய், "அண்ணனுக்கு முகத்துல ஏதாவது அடியா?" என்று தணிந்த குரலில் விசாரித்தார்.

"அடியெல்லாம் இல்ல. கோட்டு தைக்கிறாரு" என்றாள் அவள்.

காஜாவில் ஒரே ஒரு குறை. அதன் வழியாக ஒரு சமயத்தில் இரண்டு விரல் அகலம்தான் தெரியும். ஆகவே அந்தக் கோட்டு இரண்டிரண்டு விரல் அகலமாகத் தைக்கப்பட்டது. எந்த இடத்தில் இரண்டு விரல் வைத்துப் பார்த்தாலும் அப்பழுக்குச் சொல்ல முடியாது. தையல் எறும்பு ஊர்ந்த மாதிரி சீராக இருக்கும். முழுக்கோட்டையும் சேர்த்து ஹேங்கரில் மாட்டினால்தான் சிக்கல்.

மனைவி தள்ளி நின்று பார்த்தாள். வலது தோள் காதைத் தொடப் போவது போல மேலே நின்றது. இடது பக்கம் கீழே வழிந்தது. காலர் யாரையோ திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏங்க, கொஞ்சம் சாய்ஞ்ச மாதிரி இல்ல?"

அவர் காஜாத் துணியைக் கழற்றிவிட்டுத் தன் புதுக் கண்ணால் பார்த்தார். அவருக்கு எல்லாமே ஒரு பக்கம் சாய்வாகத்தான் தெரியும். கோட்டு எந்தப் பக்கம் சாய்ந்ததோ அது அவர் கண்ணின் சாய்வுக்குச் சரியாகப் போயிற்று. கடையிலேயே அந்தக் கோட்டு ஒன்றுதான் நேராக நிற்பதாக அவருக்குத் தோன்றியது.

"நூல் பிடிச்ச மாதிரி இருக்கு."

"உங்க கண்ணுக்கு."

"இது டாக்டரம்மா குடுத்த கண்ணு. அதையா குறை சொல்றே?"

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். போட்டுப் பார்த்தால் டாக்டருக்கே புரியும், அவராகவே கேட்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

டாக்டரம்மா கேட்கவில்லை. கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டார். கண்ணாடியில் பார்த்தார். பை மூலையை விரலால் தடவினார்.

"பிரமாதம். எனக்குன்னு அளவெடுத்து யாரும் கோட்டு தைச்சதே இல்லை" என்றார். அவர் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. நர்ஸ் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மருந்து அலமாரியில் எதையோ தேடினாள். அவள் தோள்கள் குலுங்கின. பாவம், நெகிழ்ந்துவிட்டாள் போலிருக்கிறது என்று தையல்காரர் நினைத்துக்கொண்டார்.

அன்று அவர் தெருவில் நடந்து வந்தபோது கால் தரையில் பாவவில்லை. அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தவர் கணக்கு வாத்தியார்.

"டாக்டரம்மாவுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டபடி ஒரு நாள் கடைக்குள் வந்தார். "கண்ணு காட்டப் போனேன். ஒரு பக்கமா சாய்ஞ்சு நிக்கிறாங்க. ஒரு தோள் மேல, ஒரு தோள் கீழே. பார்க்கவே கஷ்டமா இருந்தது."

"சுளுக்கா இருக்குமோ?" தையல்காரரின் முகம் வெளுத்தது.

"தினமும் அப்படித்தான் இருக்காங்களாம். எனக்கென்னமோ அவங்களுக்கும் ஒரு கால் கட்டைன்னு தோணுது. என் செருப்புக் கடை விலாசத்தைக் குடுத்துட்டு வந்தேன்."

தையல்காரருக்கு அன்றைக்கு வேலையே ஓடவில்லை. "ஊர்ல இருக்கிறவங்க கண்ணையெல்லாம் பார்க்கிறாங்க, தன் உடம்பைப் பார்த்துக்க ஆளில்ல" என்று மனைவியிடம் புலம்பினார். தோள் வலிக்குத் தடவும் தைலம் ஒரு புட்டி வாங்கி வைத்தார். மனைவி அவரையும் புட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் உள்ளே போய்விட்டாள்.

தையல் பிரிக்கும் நாள் வந்தது. தைலப் புட்டியும் கூடவே வந்தது. டாக்டரம்மா அதை வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் நன்றி சொன்னார். கண்ணில் மரத்துப்போகும் மருந்தை விட்டு, தாடையைக் கருவியில் பொருத்தினார்.

"அசையாம இருங்க. தையல் கொஞ்சம் இறுகிப்போனா கருவிழியோட உருண்டை குலைஞ்சு, ஒரு பக்கமா இழுபடும். பார்க்கிறது எல்லாம் நிழல் தட்டும். அஸ்டிக்மாடிசம்னு சொல்வோம். புரை ஆபரேஷனுக்கு அப்புறம் சிலருக்கு அப்படி வரும்."

"அப்படியா? பாவம் அந்தச் சிலர்" என்றார் தையல்காரர்.

"ஆமா, பாவம்தான்" என்றார் டாக்டரம்மா.

வலிக்கவில்லை. ஒரு முடிச்சு அவிழ்ந்தது, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்காரச் சொன்னார்கள். திறந்தபோது அவர் முதலில் பார்த்தது தரையில் பதித்த ஓடுகளின் கோடுகளை. ஒவ்வொன்றும் ஒரே கோடாக ஓடியது. ஜன்னல் கம்பி ஒரே கம்பியாக நின்றது. நர்ஸின் முகத்தில் ஒரே ஒரு மூக்கு இருந்தது. உலகத்தில் எல்லாம் ஒவ்வொன்றாக இருந்தது. அவர் மனம் நிறைந்து வழிந்தது. இந்தக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்று டாக்டரம்மாவின் பக்கம் திரும்பினார்.

திரும்பியவர், கோட்டைப் பார்த்தார்.

வலது தோள் காதுக்குப் போயிருந்தது. இடது ஓரம் முழங்காலைத் தேடிக்கொண்டிருந்தது. பட்டன்கள் மாடிப்படி மாதிரி இறங்கின. வாத்தியாரின் இரண்டு காலும் சமம் என்பதும் அந்த நொடியிலேயே அவருக்கு உறைத்தது.

"டாக்டர்" என்றார். "அந்தக் கோட்டைக் கழட்டிக் குடுங்க."

"ஏன்? நல்லாத்தானே இருக்கு?"

"தோள் இழுக்குது டாக்டர்."

"சேச்சே. அதெல்லாம் ஒண்ணுமே இல்லை."

"நிச்சயமா?"

"தண்ணி மாதிரி இருக்கு" என்றார் டாக்டரம்மா, முகத்தில் ஒரு சுருக்கம் கூட விழாமல். "இடது கண்ணையும் பண்ணி முடிப்போம். அப்புறம் வேணும்னா இன்னொண்ணு தைச்சுக் குடுங்க. ஆனா இதை நான் தரமாட்டேன்."

அடுத்த நோயாளியைப் பார்க்க அவர் போய்விட்டார், ஒரு பக்கமாகச் சாய்ந்த முதுகோடு. தையல்காரர் நடையில் வந்து மனைவிக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். சொட்டு மருந்து கொடுக்க வந்த நர்ஸிடம், மனம் பொறுக்காமல் கேட்டார்.

"அந்தக் கோட்டு கோணல்னு அவங்களுக்குத் தெரியவே இல்லையாம்மா?"

"தெரியாம என்னங்க. கோணலாத்தான் வரும்னு தெரிஞ்சேதான் அளவு குடுத்தாங்க. கழட்டி வைங்கன்னு நான்கூடச் சொன்னேன். 'என் தையல் அவர் கண்ணை இழுத்துது, அவர் வாயே திறக்கல. அவர் தையல் என் தோளை இழுக்குதுன்னு நான் எப்படி வாயைத் திறக்கிறது'ன்னுட்டாங்க."

தையல்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. அழக்கூடாது என்று மனைவி கையைப் பிடித்து அழுத்தினாள். எப்படிப்பட்டவரிடம் கண்ணைக் கொடுத்திருக்கிறோம் என்று நினைக்க நினைக்க அவருக்கு நெஞ்சு விம்மியது. அதற்கு நடுவிலும் ஒரு சந்தேகம் மட்டும் முள் மாதிரி உறுத்தியது.

"எல்லாம் சரிம்மா. ஆனா என் கண்ணு இழுக்கிறது அவங்களுக்கு எப்படித் தெரியும்? நான்தான் போர்டு முழுக்க ஒரு எண் தப்பில்லாம படிச்சேனே?"

நர்ஸ் மருந்துப் புட்டியை அவர் கையில் வைத்து மூடினாள்.

"படிச்சீங்க ஐயா. ஆனா அன்னிக்குப் பெயிண்ட் அடிக்கிறதுக்காக போர்டைக் கழட்டி உங்க முதுகுக்குப் பின்னாடி வெச்சிருந்தோம். நீங்க பார்த்துப் படிச்சது தேதி கிழிக்கிற காலண்டரு."